வளைகுடா வெயிலும் சலாலா சாலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்துவிட்டால் துபாய், ஷார்ஜா, அபுதாபியில் இருக்கும் நம் ஆட்களிடம் இரண்டே பேச்சுதான்: ஏசி பில், ஓமனின் தெற்கே கோடையிலும் தூறலோடு குளிரும் சலாலா. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊருக்கு விமான டிக்கெட்டோ எட்டாத விலை. அப்போது யாராவது ஒருவர் "காரை எடுத்துக்கிட்டு ஓமனுக்குப் போயிடலாமா?" என்று ஆரம்பிப்பார். புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும், பழைய ஆட்கள் கேட்காமலே தப்பாகச் செய்யும் சில விஷயங்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

வேலூர், திருத்தணி வெயிலையே பார்த்தவன் நான். இங்கே அப்படி என்ன புதிதாக?

கத்திரி வெயில் இருபத்தைந்து நாள் சொச்சம் காய்ந்துவிட்டு, ஒரு கோடை மழையோடு அடங்கும். இங்கே மே நடுவில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை விடாது. அமீரகத்தின் உள்பகுதியான ஸ்வைஹானில் 2025 மே மாதத்திலேயே 51.6 டிகிரி பதிவானது. ஆனால் பகல் உச்சத்தைவிட இரவுதான் ஆளை வாட்டும். 2018 ஜூன் கடைசியில் ஓமனின் குரியாத் என்ற கடலோர ஊரில் ஒரு முழு நாள், இரவும் சேர்த்து, வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை.

அப்புறம் ஈரப்பதம். ஆகஸ்டில் வளைகுடாக் கடலே வென்னீர் போலத்தான் கிடக்கும். அந்த ஆவி கரையில் தங்கினால் வியர்வை உலராது. வியர்வை உலரவில்லை என்றால் உடம்பு குளிராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. ராஸ் அல் கைமாவில் அந்த எல்லையைச் சற்று நேரம் தொட்டிருக்கிறது என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. துபாயில் 38 டிகிரி, ஸ்வைஹானில் 48 டிகிரி என்றால் துபாய்தான் மோசமாக இருக்கும் நாட்கள் உண்டு.

இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறேன். உடம்பு பழக எவ்வளவு நாளாகும்?

ஒன்றிலிருந்து இரண்டு வாரம். அதற்குள் உடம்பு சீக்கிரமே வியர்க்கவும், வியர்வையில் உப்பைக் குறைத்து வெளியேற்றவும் கற்றுக்கொள்ளும். முதல் நாளே முழு வேகத்தில் வேலை செய்து "நான் ஊர்ல கொத்தனாரு" என்று காட்டத் தேவையில்லை. வெயிலில் விழுந்துவிடும் தொழிலாளர்களில் பலர் வந்து சில நாளே ஆனவர்கள். ஊருக்கு ஒரு மாதம் விடுமுறையில் போய்த் திரும்பினாலும் பழக்கம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நடுப்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, 12.30 முதல் 3.30 வரை. இது உங்களுக்கு யாரும் காட்டும் சலுகை இல்லை, சட்டம்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர், சுமார் 250 மில்லி. தாகம் எடுத்த பிறகு மொத்தமாக ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பது சரிப்படாது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் போக வேண்டாம். வெறும் தண்ணீரை அளவு கடந்து குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். நாள் முழுக்க வியர்ப்பவர்கள் இடையில் உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, ஓஆர்எஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லா பக்காலாவிலும் (மளிகைக் கடை) கிடைக்கும் லபன் என்ற தயிர்ப் பானத்தில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் நம் மோர்தான். எனர்ஜி டிரிங்க் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் களைப்பா, ஆபத்தா? எப்படித் தெரிந்துகொள்வது?

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, நிறைய வியர்வை, ஆனால் ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் வெப்பக் களைப்பு. நிழலுக்கோ ஏசிக்கோ கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், நடை தள்ளாடுகிறது, மயங்குகிறார் என்றால் ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம், அதை நம்பி உட்காராதீர்கள். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998, ஓமனில் 9999. வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

குழாயைத் திறந்தால் கொதிநீர் வருகிறது. குளிப்பது எப்படி?

மொட்டைமாடித் தொட்டி நாளெல்லாம் வெயிலில் காய்கிறது, வேறென்ன வரும். பழைய ஆட்களின் வழி: மே மாதத்தில் குளியலறை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஹீட்டர் தொட்டி ஏசி போட்ட வீட்டுக்குள் இருப்பதால் அதிலுள்ள தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். கோடை முழுக்க 'சுடு' பக்கத்துக் குழாயில்தான் ஆறிய தண்ணீர். ஒரு ஆளுக்குத்தான் சரியாக வரும். பெட்ஸ்பேஸில் (பலர் பங்கிடும் அறையில் ஒரு கட்டில்) இருப்பவர்கள் வரிசையை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஏசி கெட்டுப்போய் அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உதவாது. அந்தச் சூட்டில் அது உடம்பை மேலும் சூடாக்கும். பக்கத்து அறைக்கோ மாலுக்கோ போய்விடுங்கள்.

ஏசி இல்லாத காலத்தில் இங்கே எப்படி இருந்தார்கள்?

அவர்களும் இடம் பெயர்ந்தார்கள். கடலோரத்து மக்கள் கோடையில் ஒட்டகங்களில் அல் ஐன், புரைமி, லிவா போன்ற பேரீச்சஞ்சோலைகளுக்குப் போய், பழம் பறித்து முடியும்வரை ஓலைக்குடிசைகளில் தங்கினார்கள். வசதியுள்ளவர்கள் வீட்டின் மேல் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் பர்ஜீல் கோபுரம் கட்டினார்கள். துபாய் அல் ஃபஹீதியில் இன்றும் பார்க்கலாம். ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் சுஹைல் நட்சத்திரம் தெரிந்தால் வெயில் திரும்புகிறது என்று கணக்கு. நாம் அகத்தியர் என்று சொல்லும் விண்மீன்தான் அது.

மலை பக்கத்திலேயே இருக்கிறதே. ஜெபல் ஜைஸ் போதாதா?

ஒரு மாலைக்குப் போதும். ராஸ் அல் கைமாவின் ஜைஸ் உச்சி 1,934 மீட்டர். கீழே இருப்பதைவிடப் பத்து டிகிரி வரை குறையும். ஆனால் 45-இல் பத்து போனால் 35. மொட்டைப் பாறையில் பகலில் நிற்க நிழலும் இல்லை. அல் ஐனின் ஜெபல் ஹஃபீத் இன்னும் குட்டை, ஜூலையில் அங்கே பகலில் ஏறச் சொல்ல மாட்டேன்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் ஓமனின் ஜெபல் அக்தர் நல்லது. சைக் மேட்டுநிலம் சுமார் 2,000 மீட்டரில் இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் மாதுளை பழுக்கும். பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியில் நான்கு சக்கரமும் இயங்கும் ஃபோர்வீல் வண்டி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை.

சலாலா மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது? அதுவும் அரேபியாதானே?

குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில், அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கேயும் வேலை செய்கிறது. நமக்கு அது மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மழையாகிறது. சலாலா இருக்கும் தோஃபார் கரையில் நடப்பது வேறு கதை.

அங்கே காற்று கரைக்கு இணையாக வீசி, கடலின் மேல்மட்டத்துச் சூடான நீரை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிக் கரையேறுகிறது. அதற்கு மேலே பாலைவனத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று ஒரு மூடி போட்டதுபோல அழுத்திக்கொண்டிருப்பதால், பனி உயர எழும்ப முடியாமல் கடலுக்கும் மலைக்கும் நடுவில் அடைபட்டுக் கிடக்கும். அதனால் பெருமழை கிடையாது. ஓயாத தூறல், சொட்டும் மரங்கள். மலைமரங்களின் இலைகளே பனியைப் பிடித்துத் தரையில் சொட்டவிடுகின்றன. காட்டுக்கு மழையைவிட இந்தச் சொட்டுநீர் முக்கியம்.

இதனால்தான் மலையின் கடல் பார்த்த பக்கம் மட்டும் பச்சை. முதுகைத் தாண்டினால் அடுத்த சில கிலோமீட்டரிலேயே மண்ணும் கல்லும்தான். ஜெபல் சம்ஹான் போன்ற உயரமான இடங்கள் அந்த மூடிக்கு மேலே நிற்பதால், வெயிலில் நின்றபடி காலுக்குக் கீழே மேகத்தைப் பார்க்கலாம். குளிருக்காகப் போகிறவர்கள் 'மேலே போகப் போகக் குளிரும்' என்ற நம் ஊட்டிக் கணக்கை அங்கே போடக் கூடாது.

எப்போது போவது நல்லது?

இந்தத் தூறல் காலத்தைக் கரீஃப் பருவம் என்பார்கள், ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை. ஜூன் கடைசியில் போனால் தூறல் இருக்கும், புல் இருக்காது. ஜூலை பாதிக்கு மேல் பச்சை பிடித்துவிடும். ஆகஸ்டில் வளைகுடா மொத்தமும் அங்கேதான். அறை வாடகை எகிறும், தர்பாத் பள்ளத்தாக்குக்குப் போகும் சாலையில் கார்கள் ஊர்ந்து போகும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு என் யோசனை செப்டம்பர் முதல் பாதி. பச்சை அப்படியே இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். வெயில் தலைகாட்டினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு அதற்கடுத்து வரும் சர்ப் பருவமும் அழகுதான், மூடுபனி விலகி மலை முழுசாகத் தெரியும்.

பாதை எது? எவ்வளவு தூரம்?

துபாயிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். அல் ஐன் போய், மஸ்யத் எல்லையைக் கடந்து, இப்ரி வழியாக நிஸ்வா பக்கம் வந்து ஆதம். ஆதமிலிருந்து தெற்கே கப்பா, ஹைமா, கஃப்தைன், கித்பித், தும்ரைத், அப்புறம் மலை இறங்கினால் சலாலா. ஆதமுக்குத் தெற்கே சாலையை இரட்டைப் பாதையாக்கும் வேலை கட்டம் கட்டமாக நடந்து வருகிறது. எதிரும் புதிருமாக வண்டி ஓடும் ஒற்றைச் சாலைப் பகுதிகளில்தான் அதிக கவனம் வேண்டும், முன்னால் போகும் லாரியை முந்தும் அவசரத்தில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன.

ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்கிறார்களே?

ஓட்டலாம். பலர் ஓட்டுகிறார்கள். வியாழன் அல்லது வெள்ளி வேலை முடித்து, இரவு ஒன்பதுக்குக் கிளம்பி, "ராத்திரி வெயில் இருக்காது, ஜில்லுன்னு போயிடலாம்" என்று. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்: அந்தச் சாலையில் வெயிலைவிடத் தூக்கம்தான் ஆபத்து.

ஆதமுக்கும் தும்ரைத்துக்கும் நடுவில் பல நூறு கிலோமீட்டர் நேர்கோடு. வளைவு இல்லை, மரம் இல்லை, விளக்கு இல்லை. மூளைக்குச் செய்ய வேலையே இல்லாமல் கண் திறந்தபடி தூங்கிப்போகும். அதே நேரம் ஒட்டகங்கள் நடமாடும். ஒட்டகம் ஒளிபட்டால் விலகி ஓடும் விலங்கு இல்லை; அதன் கால்கள் உயரம் என்பதால் கார் முட்டினால் உடல் அப்படியே முன்கண்ணாடி மேல் விழும். பகலில் ஓட்டினால் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும்.

நான் சொல்லும் ஏற்பாடு இது. முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி, எல்லையைக் கடந்து, இரவு நிஸ்வாவிலோ ஆதமிலோ தங்கித் தூங்குங்கள். மறுநாள் விடியும்போது புறப்பட்டால் வெயில் உச்சிக்கு வருமுன் ஹைமாவைத் தாண்டிவிடலாம். பிற்பகலில், நல்ல வெளிச்சத்தில், மலை இறக்கம். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் இதையே செய்யுங்கள். அறைச் செலவு கூடுதல்தான். அதை மிச்சம் பிடிக்க இது இடமில்லை. ஓமனில் வேக வரம்பு பெரும்பாலும் 120, கேமரா நிறைய, துபாயில் இருக்கும், வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை விட்டுவிடும் சலுகையெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

காரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்து வயதைத் தாண்டிய டயரோடு இந்தச் சாலைக்குப் போகாதீர்கள். காற்றைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது, கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்குச் சரிபாருங்கள். வழியில் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது பெரிய தப்பு. காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கி, அதிகம் சூடாகி, வெடிக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை.

பேட்டரி இந்த ஊரில் இரண்டு வருடம் வந்தாலே பெரிது. கூலன்ட், பெல்ட், ஏசி கேஸ் மூன்றையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே காட்டிவிடுங்கள். கடைசி நாளில் பார்த்தால் மெக்கானிக்கும் அவசரத்தில் இருப்பார். பெட்ரோல் பாதிக்கு இறங்கியதும் அடுத்த பங்கில் நிரப்புங்கள், "இன்னும் ஓடும்" என்று கணக்குப் போடாதீர்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் தனியாக இருக்கட்டும்.

பவர் பேங்க், சிகரெட் லைட்டர், ஸ்ப்ரே பாட்டில் எதையும் நிறுத்திய காரில் விட வேண்டாம். குழந்தையை? ஒரு நிமிடத்துக்குக்கூட இல்லை. பூட்டிய காரில் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

எல்லையில் என்ன காகிதம் கேட்பார்கள்?

பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, அசல் முல்கியா (வண்டிப் பதிவு அட்டை), ஓமனுக்குச் செல்லுபடியாகும் வண்டிக் காப்பீட்டின் சான்று. வண்டி உங்கள் பேரில் இல்லையென்றாலோ கம்பெனி வண்டியென்றாலோ உரிமையாளரின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை) கடிதம். வாடகைக் காருக்கு அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்க வேண்டும். விசா விதியும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் ராயல் ஓமன் போலீஸ் தளத்தில் அந்த வாரமே பாருங்கள். ஈத் விடுமுறை முதல் நாளில் எல்லை வரிசை மணிக்கணக்கில் நிற்கும்.

நடுவழியில் கார் நின்றுவிட்டால்?

காரை விட்டு நடக்காதீர்கள். அடிவானத்தில் தெரியும் பங்க் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும், இருக்காது. சாலையோரம் இறக்கி நிறுத்தி, அபாய விளக்கு போட்டு, 9999-ஐ அழையுங்கள். கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் பலகை எண்ணைச் சொல்லுங்கள். கார் பக்கத்து நிழலில், வண்டிகள் ஓடும் பக்கத்தை விட்டு மறுபக்கமாக உட்காருங்கள். இன்ஜின் சூடேறி நின்றிருந்தால் ரேடியேட்டர் மூடியை முழுசாக ஆறும்வரை தொடக் கூடாது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தச் சாலையில் பானட் தூக்கி நிற்கும் வண்டியைப் பார்த்து நிறுத்தாமல் போகும் ஓமானியர்கள் குறைவு.

மூடுபனியில் மலை இறங்குவது பயமாக இருக்குமா?

தும்ரைத்தில் 40 டிகிரி காட்டிய காரில், சுமார் 80 கிலோமீட்டரில் சலாலாவுக்குள் 25 காட்டும். நடுவில் சட்டென்று வெள்ளைச் சுவருக்குள் நுழைவீர்கள். ஹை பீம் போட்டால் இன்னும் ஒன்றும் தெரியாது. லோ பீமும் ஃபாக் விளக்கும் போதும். ஓடிக்கொண்டே அபாய விளக்கு போடும் நம் பழக்கம் வேண்டாம், நிற்கும் வண்டி என்று பின்னால் வருபவர் குழம்புவார். கண்ணாடியில் வெளிப்பக்கம் ஈரம் படியும், வைப்பரைப் போடுங்கள். பாலைவன மணல் படிந்த பழைய ரப்பர் என்றால் அழுக்கைத்தான் தேய்க்கும், கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

அங்கே எதைப் பார்ப்பது?

வாதி தர்பாத், ஐன் அத்தூம் அருவி, இத்தீன் மலை, முக்சைல் கடற்கரையில் பாறைத் துளை வழியே பீறிடும் கடல்நீர். இவை எல்லாருடைய பட்டியலிலும் இருக்கும். தும்ரைத் சாலையிலேயே வரும் வாதி தவ்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யுனெஸ்கோ 2000-இல் பட்டியலிட்ட சாம்பிராணி மரங்களின் பள்ளத்தாக்கு. இந்த மரம் தூறல் படாத வறண்ட பக்கத்தில்தான் வளரும் என்பதால், பச்சைக்குள் இறங்குமுன் பார்ப்பதே சரி.

தமிழர்கள் தவறவிடக் கூடாதது சலாலாவுக்குக் கிழக்கே தாக்கா என்ற ஊருக்கு அப்பால் உள்ள கோர் ரோரி. சும்ஹுரம் என்ற பழைய சாம்பிராணித் துறைமுகம். இத்தாலிய அகழாய்வுக் குழு அங்கே தோண்டியபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று ஒரு பெயர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2012-இல் செய்தி வந்தது. பருவக்காற்றைப் பிடித்துக் கப்பலில் வந்து போன ஆள். நமக்கு முன்னோடி, ஆனால் ஏசி இல்லாமல்.

கடலில் குளிக்கலாமா?

கூடாது. கரீஃப் முடியும்வரை அலை பேய்த்தனமாக இருக்கும். 2022 ஜூலையில் முக்சைலில் பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டிப் போன ஒரு குடும்பத்தினர் சிலரை அலை அடித்துச் சென்றது, குழந்தைகள் உட்பட. செல்ஃபிக்காகக் கயிற்றைத் தாண்டாதீர்கள். மலைச் சரிவில் புல்மேல் காரை ஏற்றுவதும் வேண்டாம். அபராதம் ஒருபுறம், ஈரக் களிமண்ணில் சக்கரம் நிற்காது.

சாப்பாடு?

மலையாளிகள் கடை இல்லாத இடம் ஏது. பரோட்டா, சாயா, மீன் சாப்பாடு தும்ரைத்திலேயே கிடைக்கும். ஆனால் சலாலாவில் ஒரு நாளாவது சுட்ட கல்லில் வாட்டும் மத்பி இறைச்சியும் சாலையோரம் குச்சியில் குத்திச் சுடும் மிஷ்காக் இறைச்சியும் சாப்பிடுங்கள். தோப்போரத் தள்ளுவண்டிகளில் இளநீர், செவ்வாழை, பப்பாளி. வாழைத்தோப்பைப் பார்த்ததும் தஞ்சாவூர் என்று சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

கார் இல்லை, லைசென்ஸும் இல்லை. வழி உண்டா?

உண்டு. துபாயிலிருந்து பருவத்தில் பேருந்துகளும் டூர் வண்டிகளும் போகின்றன. மஸ்கட் வரை போய்விட்டால் அங்கிருந்து அரசுப் பேருந்தான முவாசலாத் சலாலாவுக்கு ஓடுகிறது, சுமார் 1,000 கிலோமீட்டர். டூர் எடுப்பவர்கள் விலையை மட்டும் பேசாமல், எத்தனை டிரைவர், இரவில் எங்கே நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். ஒரே டிரைவர், நிறுத்தாமல் போவோம் என்றால் வேறு வண்டி பாருங்கள். பஸ் ஏசி இரவில் எலும்பைத் துளைக்கும். ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், சலாலா தூறலுக்கும் அதுவே உதவும்.